காலாட்படை அதிகாரியின் வீரப் பதக்கங்களைப் படித்தறிவது எப்படி?

சீருடையில் நிற்கும் ஓர் அதிகாரியின் மார்பில் வரிசையாகத் தெரியும் வண்ண நாடாக்களுள் எது வீரத்துக்காகக் கிடைத்தது, எது ஒரு போர்முனையில் பணியாற்றியதற்காக எல்லோருக்கும் கிடைத்தது என்று பிரித்தறியாமல், அனைத்தையும் வீரப் பதக்கங்கள் என்றே நினைவு மலர்களில் எழுதிவிடுகிறோம். உயிரைக் கொடுத்தவர் ஒருவரைப் பற்றி எழுதும்போது இந்தப் பிழை நேரக் கூடாது. சற்றுப் பொறுமை இருந்தால் இதை எவரும் தவிர்த்துவிடலாம்.

முதலில் படத்தைச் சரிபாருங்கள். பதக்கங்கள் இடப்பக்க மார்பில் அணியப்படுபவை. அவை அணிந்தவரின் வலப்பக்க மார்பில் தெரிந்தால் படம் இடவலமாகத் திரும்பி அச்சாகியிருக்கக்கூடும். மேல் வரிசையில், சட்டைப் பொத்தான்களை ஒட்டி முதலாவதாக இருப்பதே உயர்ந்த பதக்கம். பார்க்கும் நமக்கு அது இடக்கோடியில் தெரியும்.

அடுத்து அந்த நாடாவின் நிறத்தைப் பாருங்கள். எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு வழங்கப்படும் மூன்று விருதுகள் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகுமாறு அறிவிக்கப்பட்டன. பரம் வீர் சக்ராவின் நாடா முழுவதும் ஊதா நிறம்; பதக்கம் வெண்கலம். மகா வீர் சக்ராவுக்குப் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ராவுக்குப் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. இவ்விரண்டும் வெள்ளிப் பதக்கங்கள். எதிரியின் முன்னிலை அல்லாத சூழலுக்குரிய விருதுகளின் நாடாக்கள் பச்சை நிறத்தவை. அவற்றின் நடுவே ஆரஞ்சுக் கோடு ஒன்றிருந்தால் அசோக சக்ரா, இரண்டிருந்தால் கீர்த்தி சக்ரா, மூன்றிருந்தால் சௌரிய சக்ரா. விடுதலைக்கு முந்தைய அதிகாரியாக இருந்தால் வெள்ளை, ஊதா, வெள்ளை என்று மூன்று பட்டைகள் கொண்ட நாடாவைத் தேடுங்கள். அது பிரிட்டிஷ் அரசின் மிலிட்டரி கிராஸ். 1942-இல் பர்மாப் போர்முனையில் படுகாயமுற்ற இளம் கேப்டன் சாம் மானெக்‌ஷாவுக்குக் கிடைத்தது அதுதான்.

‘எதிரியின் முன்னிலை’ என்ற சொற்றொடரில்தான் பலரும் தடுமாறுகின்றனர். போர்ப் பிரகடனம் நடந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருளன்று. 1961-இல் ஐக்கிய நாடுகள் படையின் பகுதியாகக் காங்கோவில் போரிட்டு மாண்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா பரம் வீர் சக்ரா பெற்றார். அமைதிப் படையில் யாழ்ப்பாணத்துக்குச் சென்ற 8-ஆம் மகார் பட்டாலியனின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அதே விருதைப் பெற்றார். 1987 நவம்பர் 25 அன்று தேடுதல் முடிந்து திரும்பும் வழியில் அவரது அணி பதுங்கித் தாக்கப்பட்டபோது, அவர் தாக்கியவர்களைப் பின்புறமாகச் சுற்றி வளைத்தார். நேருக்கு நேர் நடந்த சண்டையில் மார்பில் குண்டு பாய்ந்த பின்னும், சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனையே வீழ்த்தி, உயிர் பிரியும் வரை தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். இதற்கு மாறாக, காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளுடன் மோதி உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது அசோக சக்ரா. உள்நாட்டில் நடந்த தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை என்பதால் விருதின் வரிசை மாறியதே தவிர, வீரத்தின் அளவு குறைந்துவிடவில்லை. பரம் வீர் சக்ராவுக்கு நிகரானது அசோக சக்ரா. அதற்கு ஒரு படி கீழானது என்று எழுதுவது தவறு.

நாடாவை அறிந்ததோடு நிறுத்திவிடாமல், விருது எதற்காக என்று விவரிக்கும் பாராட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். களத்தில் நடந்ததை நேரில் கண்டவர்களின் சாட்சியத்தோடு பட்டாலியன் தளபதி எழுதும் பரிந்துரையே அதற்கு அடிப்படை. பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகளுக்கான இணையதளத்திலும் இந்திய அரசிதழிலும் விருதாளர்களின் விவரங்கள் கிடைக்கும். படிக்கும்போது இடம், நேரம், அதிகாரி காயமுற்ற பிறகு எடுத்த முடிவு ஆகிய மூன்றையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக் பகுதியின் உயரமான நிலையொன்றைத் தாக்கும்போது வீழ்ந்த 1-ஆம் பீகார் பட்டாலியனின் மேஜர் மாரியப்பன் சரவணன், பரிசாகப் பெற்றது வீர் சக்ரா. விருதின் பெயரை மட்டும் பார்ப்பவர் அதனை மூன்றாம் நிலை என்று கடந்துவிடுவார். மேலிருந்து சுடும் எதிரியை நோக்கிச் செங்குத்தான சரிவில் ஏறிச் சென்ற தாக்குதல் அது என்று தெரிந்தவர் அவ்வாறு கடக்க மாட்டார்.

இறுதியாக, நீங்கள் எழுதும் குறிப்பில் தேதிகளைக் கலந்துவிடாதீர்கள். முகுந்தின் மோதல் நடந்தது 2014 ஏப்ரல் 25. விருது அறிவிக்கப்பட்டது அவ்வாண்டின் சுதந்திர தினத்தையொட்டி. அவருடைய மனைவி குடியரசுத் தலைவரிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டது 2015 ஜனவரி 26. இம்மூன்றையும் தனித்தனியே எழுதி, பெயருக்கு முன்னால் செயலின்போது அவர் வகித்த பதவியையும், அதையடுத்து அவரது ரெஜிமெண்டையும் பட்டாலியனையும் குறிப்பிடுங்கள். பல ரெஜிமெண்டுகளிலிருந்து வீரர்களைப் பெறும் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் போன்ற படையில் பணியாற்றியவராயின் அவருடைய தாய் ரெஜிமெண்டையும் சேர்த்தே எழுதுங்கள். முகுந்துக்கு அது ராஜ்புத் ரெஜிமெண்ட்.