ஆஜராகும் நாள் மறக்காமலிருக்க, அவர் போனிலேயே ஒரு நினைவூட்டல்

நன்னடத்தை அலுவலர்களுக்கு: நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் உங்கள் கண்காணிப்பில் விட்டவர் முதல்முறை உங்கள் முன் உட்காரும்போதே, ஆஜராக வேண்டிய நாளை அவருடைய போன் காலண்டரில் 'மாதந்தோறும்' என்று போட வையுங்கள். குரல் உதவியாளரிடம் சொன்னாலும் சரி, கையால் தட்டினாலும் சரி. முந்தைய நாள் மாலை ஒன்று, அன்று காலை ஒன்று என இரண்டு முறை மணி அடிக்க வேண்டும். தேதி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

வராமல் போகிற எல்லாரும் ஓடி ஒளிகிறவர்கள் இல்லை. தினக்கூலிக்குப் போகிறவருக்குத் தேதி நழுவிவிடும். முந்தைய நாளே தெரிந்தால் மேஸ்திரியிடம் அரை நாள் கேட்டுக்கொள்வார். முந்தைய மாலை மணிதான் முக்கியம் என்று நான் சொல்வது அதனால்தான். 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி கண்காணிப்பு ஓராண்டுக்குக் குறையாது, 3 ஆண்டு வரை போகலாம். ஒருமுறை போட்டால் முழுக் காலத்துக்கும் ஓடும்.

நினைவூட்டலில் 'கோர்ட்', 'கேஸ்' என்று எழுத வேண்டாம், 'ஆபீஸ்' போதும். போன் திரையை முதலாளியும் பார்ப்பார், பிள்ளையும் பார்க்கும்.

சாதாரண போன் வைத்திருப்பவருக்கும், வீட்டுக்கே ஒரு போன் என்று இருப்பவருக்கும் இது உதவாது. அவர்களுக்கு அட்டையில் தேதி எழுதிக் கொடுத்து, முந்தைய நாள் நீங்களே கூப்பிடுங்கள். நீதிமன்றம் தேதியை மாற்றினால் காலண்டருக்குத் தானாகத் தெரியாது. அப்புறம் பழைய தேதிக்கே வந்து நிற்பார். சிறார் வழக்கில் பெயரோ விவரமோ எந்தச் செயலியிலும் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது.