மௌன ஏலத்தில் 'மூணு தரம்' சொல்ல ஆள் கிடையாது

பள்ளிக்கு நிதி திரட்ட மௌன ஏலம் வைக்கலாம் என்று பெற்றோர் ஆதரவுக் குழுவில் யாராவது பேச்செடுத்தால், உடனே எல்லாரும் கேட்பது "என்னென்ன பொருள் கிடைக்கும்?" என்றுதான். விதிகளைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. சிங்கப்பூரில் என் மகள் படித்த தொடக்கப்பள்ளியில் இரண்டு வருடம் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். முதல் வருடம் நடந்த கூத்து அத்தனைக்கும் அந்த நினைப்புதான் காரணம்.

சாதாரண ஏலம் என்றால் ஒருவர் மைக்கைப் பிடித்து ஒரு தரம், இரண்டு தரம், மூணு தரம் என்பார், கதை முடிந்தது. தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை அன்று பூசணிக்காயை ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மௌன ஏலத்திலோ பொருளுக்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் கிடக்கும், வருகிறவர் தொகையை எழுதிவிட்டுப் போவார், அடுத்தவர் அதற்கு மேல் கூட்டி எழுதுவார், அவ்வளவுதான். மூணு தரம் சொல்ல ஆள் இல்லாததால் அந்த ஆளின் வேலையை விதிதான் செய்யவேண்டும்.

நாங்கள் "இரவு 8.30க்கு முடியும்" என்று எழுதியதோடு சரி. தொடக்கநிலை 2 பிள்ளைகள் உள்ளங்கையைச் சாயத்தில் தோய்த்து, பெரிய அட்டையில் ஒரு மயில் செய்திருந்தார்கள், தோகை முழுக்கக் குட்டிக் குட்டிக் கைகள். தொடக்க விலை 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எட்டேகாலுக்குப் பார்த்தால் 210இல் நிற்கிறது. அதை எழுதிய அப்பா அந்த இடத்தை விட்டு நகரவில்லை, பேனாவையும் கீழே வைக்கவில்லை. உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசையைச் சோப் பண்ணுகிற, அதாவது இடம் பிடித்து வைக்கிற, ஊரில் பேனாவைச் சோப் பண்ணுவது ஒன்றும் அதிசயமில்லை. கடைசி நேரத்தில் ஓர் அம்மா ஓடிவந்து, கைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து 230 என்று எழுதினார். மண்டபக் கடிகாரத்தில் மணி 8.32. அவர் கைப்பேசியில் 8.29.

இரண்டு பேருமே எனக்குத் தெரிந்தவர்கள், இரண்டு பேருமே என் முகத்தைத்தான் பார்த்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து 210க்கே முடித்துவிட்டோம்.

அதனால் எந்தக் கடிகாரம் என்பதைக்கூட எழுதிவிடுங்கள். கடைசி 5 நிமிடம் பேனா தொண்டூழியர் கையில்தான் இருக்கவேண்டும், கேட்கிறவர்கள் வரிசையில் வந்து எழுதட்டும், நேரம் முடிந்ததும் அவர் கடைசித் தொகைக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டுக் கையெழுத்திட்டால் அதுதான் மூணு தரம். எல்லா மேசையையும் ஒரே நேரத்தில் மூடுவதும் தவறு. 8.00, 8.15, 8.30 என்று பிரித்தால் கூட்டம் ஒரே இடத்தில் முட்டி மோதாது, முதல் மேசையில் கோட்டைவிட்டவர் அடுத்த மேசையில் தாராளமாகக் கேட்பார், இதை நான் கண்ணால் பார்த்தேன். இணையத்தில் நடத்தினால், கடைசி 2 நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் இன்னும் 2 நிமிடம் நீளும் என்று வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஏற்றத் தொகை, அதாவது ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு கூட்டி எழுதவேண்டும் என்பது. இதை எழுதாமல் விட்டால் 150க்கு மேல் 150.50 எழுதுகிற ஆள் கண்டிப்பாக வருவார். கியாசு (எதிலும் நட்டப்பட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறவர்) என்று திட்டிப் பயனில்லை, விதி அப்படி விட்டிருக்கிறது. 100 வெள்ளி வரை 5, அதற்கு மேல் 10, 500ஐத் தாண்டினால் 25 என்று தாளின் தலையிலேயே அச்சடித்துவிடுங்கள். தொடக்க விலை கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் இருந்தால் போதும். அதிகமாக வைத்தால் தாள் வெறுமையாகவே கிடக்கும், வெறுந்தாளில் முதல் ஆளாக எழுத எல்லாருக்கும் கூச்சம்.

குழுவில் ஒருவர் "சும்மா நாமளே ஒண்ணு ரெண்டு எழுதி ஏத்திவிடலாம், பள்ளிக்குத்தானே" என்றார். நல்ல எண்ணம்தான், ஆனால் செய்யக் கூடாது. இங்கே நடப்பில் உள்ள பொருள் விற்பனைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. விற்பவரும் ஏலம் கேட்கலாம் என்று முன்கூட்டியே அறிவிக்காதபோது, விற்பவரோ அவர் ஏற்பாடு செய்த ஆளோ கேட்பது சட்டப்படி தவறு. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. ஏலம் முடிந்தது என்று அறிவிக்கும்வரை கேட்டவர் பின்வாங்கலாம். அந்தச் சிவப்புக் கோடு எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியும். குழு உறுப்பினர் தன் சொந்த ஆசைக்குக் கேட்கலாமா? கேட்கட்டும், ஆனால் அவர் பொறுப்பில் இருக்கிற மேசையில் கூடாது.

கடைகளும் உணவகங்களும் கொடுக்கிற பற்றுச்சீட்டுகள் (வவுச்சர்கள்)தான் பெரிய தலைவலி. "இருவருக்கு 100 வெள்ளி விருந்து" என்று ஒன்று வந்தது, நாங்களும் அப்படியே எழுதி வைத்தோம். எடுத்தவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது பிளஸ் பிளஸ் விலை என்று தெரிந்தது. 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, மொத்தம் 119.90. ஏலத்தில் கொடுத்தது போக 19.90 கையிலிருந்து கட்டிவிட்டு, உணவகத்து வாசலில் நின்றே எனக்குப் போன் போட்டார். ஹோட்டல் தங்கல் சீட்டு இன்னும் மோசம். பள்ளி விடுமுறையில் செல்லாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது, ஏலம் கேட்பவர்கள் எல்லாரும் பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள்! ஜூனிலும் டிசம்பரிலும் போகமுடியாத சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொடுப்பவர் "எப்ப வேணா வாங்க" என்று வாயால் சொல்வதை நம்பாமல், முடிவுத் தேதியையும் செல்லாத நாள்களையும் எழுதி வாங்கி அப்படியே ஏலத்தாளில் ஒட்டிவிடுங்கள்.

'ஆசிரியரோடு ஒரு மதிய உணவு', 'ஒரு நாள் தலைமையாசிரியர்' மாதிரியானவற்றுக்கு நல்ல பணம் வரும் என்பது உண்மைதான். எனக்கு ஒப்பவில்லை. பள்ளிக்குள்ளே பணம் கொடுத்தால் கிடைக்கும் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிகிற எதையும் ஏலப் பட்டியலில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

தாளில் பெயர், கைப்பேசி எண் எல்லாம் எழுதச் சொல்லாதீர்கள், மண்டபத்தில் யார் வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம். வாசலில் ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள், பெயர்ப்பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அடையாள அட்டை எண் வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல் அதைத் தேவையில்லாமல் வாங்குவதற்கு இங்கே கட்டுப்பாடு இருக்கிறது. எண் முறையில் இன்னொரு நன்மை, யார் எவ்வளவு கேட்டார் என்பது மறுநாள் வாட்ஸ்அப்பில் பேச்சாகாது.

பணம் பேநவ் என்ற மின்பணமாற்று வழியாகப் பள்ளி சொல்லும் கணக்குக்கே போகட்டும், செயலாளரின் சொந்த எண்ணுக்கு வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அன்றிரவே கட்டவேண்டும், முடியாதவருக்குத் திங்கள் நண்பகல் வரை அவகாசம், அதற்குப் பிறகு அடுத்த இடத்தில் இருந்தவருக்கு அவர் கேட்ட தொகைக்கே போகும் என்று எழுதிவிடுங்கள். "250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்குமா?" என்று ஒருவராவது கேட்பார். அது தகுதிபெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கு. இங்கே பணத்துக்குப் பதிலாகப் பொருள் கைக்கு வருகிறது, அதனால் நீங்களாக வாக்குக் கொடுக்காமல் பள்ளி அலுவலகத்திடம் கேட்டுச் சொல்லுங்கள். அப்புறம், கூடவே டிக்கெட் விற்றுக் குலுக்கலும் வைக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள், அது சூதாட்டச் சட்டத்தின் கீழ் வரும் வேறு விவகாரம்.

அந்த மயில் விஷயம்? ஏலம் முடிந்து ஒரு வாரம் கழித்து, மண்டபக் கடிகாரம் மூணு நிமிடம் முந்தி ஓடுகிறது என்று பள்ளிப் பராமரிப்பு ஊழியர் சொன்னார். மயில் அதற்குள் அந்த அப்பாவின் வீட்டு வரவேற்பறையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவைத் தேக்கா சந்தையில் அவ்வப்போது பார்க்கிறேன். தலையை ஆட்டுவார், நின்று பேச மாட்டார்.