எபிரேயம் பேச ஆரம்பிப்பது எப்படி? (முக்கியமாகப் பெண்கள் கவனத்துக்கு)

இஸ்ரேலில் இருக்கும் ரெஹோவோத் நகருக்கு ஆராய்ச்சி வேலைக்காக வந்து இரண்டு வருடம் ஆகிறது. லேபில் எல்லாரும் ஆங்கிலம் பேசுவதால் முதல் ஆறு மாதம் எபிரேயம் இல்லாமலே ஓடிவிட்டது. லேபைத் தாண்டினால் கதை வேறு. தெருமுனை மளிகைக் கடை (இங்கே அதற்கு மக்கோலெத் என்று பெயர்), பஸ், பக்கத்து வீட்டுப் பாட்டி, எல்லாமே எபிரேயம்தான். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று நான் கற்ற வழியை எழுதுகிறேன்.

படி 1: சொற்களைத் தமிழில் எழுதுங்கள்

ஆங்கில எழுத்தில் எழுதவே வேண்டாம். எபிரேயத்தில் தொண்டையிலிருந்து காற்று உரசி வரும் ஓர் ஒலி உண்டு. அதை ஆங்கிலத்தில் சி-ஹெச் போட்டு எழுதுவார்கள். நம் கண் உடனே அதைச் 'ச' என்று படித்துவிடும். நம்மிடம் ஆய்தம் இருக்கிறது. 'எஃகு' என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த ஒலிதான். மன்னிப்புக் கேட்க, வழி கேட்க, ஆளைக் கூப்பிட, எல்லாவற்றுக்கும் பயன்படும் சொல்லை நான் 'ஸ்லிஃகா' என்று எழுதிக்கொண்டேன். ஒரே வாரத்தில் நாக்குப் பழகியது. 'ப' என்பது 'பஸ்'ஸில் வரும் ப-வா, 'பல்'லில் வரும் ப-வா என்ற குழப்பம் வரும். முதல் வகைக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். அது போதும்.

படி 2: முதல் வாரத்துக்கான சொற்கள்

ஷலோம் (வணக்கம்), தோதா (நன்றி), கென் (ஆமாம்), லோ (இல்லை), பெசேதெர் (சரி), எய்ஃபோ (எங்கே). 'பெவக்காஷா' என்ற ஒரே சொல் 'தயவுசெய்து', 'இந்தாங்க', நன்றிக்குப் பதில் என்று மூன்று வேலை செய்யும். காலையில் 'போக்கெர் தோவ்' என்று யாராவது சொன்னால் அதையே திருப்பிச் சொல்லலாம். ஆனால் 'போக்கெர் ஓர்' என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் மலரும். ஓர் என்றால் ஒளி. விலை கேட்க 'காமா ஸெ ஒலெ?'. ஒலெ என்றால் ஏறுகிறது. நாம் விலை ஏறுது என்கிறோமே, அந்த ஏற்றம்.

'ரெகா' (ஒரு நிமிஷம்) என்பதைக் கையோடு சேர்த்துக் கற்க வேண்டும். ஐந்து விரல் நுனிகளையும் மேல்நோக்கிக் குவித்து லேசாக ஆட்டுவார்கள். வாய் திறக்காமல் கையை மட்டும் காட்டினாலும் ரெகா என்றுதான் அர்த்தம்.

படி 3: ஆண் சொல், பெண் சொல்

நான் சறுக்கிய இடம் இதுதான்.

தமிழில் 'எனக்கு வேணும்', 'எனக்குப் புரியுது' என்பதை யார் சொன்னாலும் ஒன்றே. எபிரேயத்தில் அப்படி இல்லை. ஆண் 'அனி ரோட்ஸே' (எனக்கு வேணும்; அனி என்றால் நான்) என்பார். பெண் 'அனி ரோட்ஸா' என்பார். என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஆண்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டு மூன்று மாதம் 'அனி ரோட்ஸே ஃகலவ்' என்றுதான் பால் வாங்கினேன். கடைக்கார அம்மா ஒருநாள் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே, 'ரோட்ஸா, ரோட்ஸா' என்று இரண்டு முறை சொல்லி, நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் கொடுத்தார். அன்றைக்கே நோட்டில் எல்லாவற்றையும் ஜோடியாக மாற்றி எழுதினேன்: புரிகிறது மெவின்/மெவினா, வேலை செய்கிறேன் ஒவேத்/ஒவேதெத், வசிக்கிறேன் கர்/கரா, முடியும் யாஃகோல்/யெஃகோலா. முன்னது ஆண், பின்னது பெண்.

எதிரில் இருப்பவருக்கும் இதே கணக்கு. ஆணிடம் 'மா ஷ்லோம்ஃகா?', பெண்ணிடம் 'மா ஷ்லோமேஃக்?'. சட்டென்று வராவிட்டால் 'மா நிஷ்மா?' என்று கேளுங்கள். அதுவும் நலம் விசாரிப்பதுதான், ஆண் பெண் பேதம் இல்லை. கடையிலும் ஹோட்டலிலும் 'எஃப்ஷார்' (முடியுமா) கைகொடுக்கும். 'எஃப்ஷார் ஃகெஷ்போன்?' என்றால் பில் வந்துவிடும்.

இன்னொன்று: இங்கே 'நீங்க' கிடையாது. ஆணுக்கு அத்தா, பெண்ணுக்கு அத், அவ்வளவுதான். மரியாதையாக இருக்கட்டும் என்று பன்மையில் 'அதெம்' போட்டுப் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பின்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். எண்பது வயதுக்காரரை 'நீ' என்று சொல்ல மனசு ஒப்பாது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

படி 4: கிழமைகள்

எளிது. ஞாயிறு 'யோம் ரிஷோன்', அதாவது முதல் நாள். வெள்ளி 'யோம் ஷிஷி', ஆறாம் நாள். சனிக்கு மட்டும்தான் தனிப் பெயர், ஷபாத். வேலை வாரம் ஞாயிறன்றே தொடங்கும். வெள்ளி மதியத்துக்கு மேல் பெரும்பாலான ஊர்களில் பஸ் ஓடாது. பிரியும்போது 'ஷபாத் ஷலோம்' சொல்லுங்கள்.

எதை வைத்துப் படிப்பது?

சொற்பொருளுக்கு மோர்ஃபிக்ஸ், வினைச்சொற்களுக்குப் பெஆலிம் என்ற தளம். பெஆலிமில் ஒரு வினையின் எல்லா வடிவமும், எங்கே அழுத்த வேண்டும் என்பதோடு இருக்கும். என்னைக் கேட்டால், வேறு செயலி எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம்.

எழுத்துகள் 22தான், வலமிருந்து இடம். உயிரொலிக் குறிகளைப் பலகைகளில் போட மாட்டார்கள் என்பதால், சொல் முன்பே காதுக்குப் பழகியிருந்தால்தான் படிக்க வரும். அதனால்தான் எழுத்தைக் கடைசியில் வைத்தேன்.

படிக்கும்போது கிடைத்த ஒரு சந்தோஷம்: 'துக்கி' என்றால் இன்றைய எபிரேயத்தில் கிளி. பழைய எபிரேய வேதத்தில், சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த பொருள்களில் 'துக்கியிம்' உண்டு. அது மயில் என்றும், நம் 'தோகை'யிலிருந்து போன சொல் என்றும் அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அப்பாவுக்கு 'அபா', அம்மாவுக்கு 'இமா' என்பதையும் மறக்கவே முடியாது.

பின்சேர்க்கை: முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருக்கு என் சிக்கல் தலைகீழாக நடந்திருக்கிறது. நாள் முழுக்க ஒரு பாட்டியோடு மட்டுமே இருப்பதால், 'அனி ரோட்ஸா', 'அனி மெவினா' என்றே பழகிவிட்டாராம். தம்பி, நோட்டில் பாட்டி சொல்வது ஒரு பக்கம், நீங்கள் சொல்ல வேண்டியது எதிர்ப்பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பஸ் டிரைவரும் கடைக்காரரும் ஆணாக இருந்தால், தங்களைப் பற்றி அவர்கள் 'அனி' என்று தொடங்கும் வாக்கியங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள்; உங்களுக்கான வடிவம் அதில்தான் இருக்கிறது.