ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால்: வடசென்னைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இலங்கையோ மலேசியாவோ வளைகுடாவோ, எங்கிருந்து வந்து ராயபுரம், வியாசர்பாடி பக்கம் வீடு பிடித்திருந்தாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2024 ஜூலை 1 முதல் இங்கே பழைய சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) கிடையாது, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.தான். கைது செய்யாமல் விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸைப் பழக்கத்தில் இன்னும் ‘41ஏ நோட்டீஸ்’ என்பார்கள். அது இப்போது பிரிவு 35(3).

“சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம், வாங்க” என்பதில்தான் சிக்கல் ஆரம்பம். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு, கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுதியாக வேண்டும். காரணம் இல்லையென்றால் நோட்டீஸ்தான். அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (வீடியோ காலில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுபவன் மோசடிக்காரன், சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள்.) நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதிக்குப் போய்விடுங்கள். போகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

கைது என்றால் நேரம், தேதியோடு போலீஸ் கைது மெமோ எழுத வேண்டும். குடும்பத்தாரோ தெருவில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடுவார். கைதானவரும் போட வேண்டும். போடுமுன் நேரத்தைப் பாருங்கள். மாலை 6 மணிக்கு ஏற்றிக்கொண்டு போய், ‘மறுநாள் காலை 10 மணி’ என்று எழுதுவது பழைய வித்தை. மாஜிஸ்திரேட் முன் நிறுத்த 24 மணி நேரம்தான் கெடு. பயண நேரம் அதில் சேராது, ஆனால் ராயபுரத்திலிருந்து ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? 2013இல் தந்தி நிற்கும்வரை வக்கீல்கள் கமிஷனருக்குத் தந்தி அடித்து நேரத்தைப் பதிவாக்குவார்கள். இன்று அழைத்துப் போனவுடனே ஒரு மின்னஞ்சல் போதும்.

பெண்களைச் சூரியன் மறைந்தபின் கைது செய்ய, விதிவிலக்கான நிலைமையும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். வெளிநாட்டுக் குடிமகன் என்றால் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் சென்னையில் அலுவலகம் உண்டு. வக்கீலுக்கு வழியில்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100.

கைதுக்குப் பிறகு நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் காயம் இருந்தால் எப்படி வந்தது என்று டாக்டரிடமே சொல்லுங்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று அங்கே எழுதிவிட்டால், பிறகு மாவுக்கட்டைக் காட்டி மாற்றுவது கஷ்டம்.

‘ஜாமீனில் விடமுடியாத குற்றம்’ என்றால் ஜாமீனே கிடைக்காது என்று பொருளில்லை. கோர்ட்டில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வந்தவர்களுக்கு உண்மையான தலைவலி ஷூரிட்டிதான், அதாவது ஜாமீனுக்கு உங்களுக்காகப் பொறுப்பேற்கும் ஆள். சொந்த ஊர்க்காரர் யாரும் இல்லாமல், வீட்டு வரி ரசீதோடு யார் வந்து நிற்பார்? வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே பழகி வையுங்கள். குண்டர் சட்டம் வேறு கணக்கு: 1982ஆம் ஆண்டுச் சட்டம், கமிஷனர் உத்தரவு, 12 மாதம் வரை தடுப்புக்காவல். வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுதான் போட வேண்டும்.

தண்டனையில், ‘மூன்று வருடம் வரை’ என்பது உச்ச வரம்பு. சாதாரணத் திருட்டுக்கு அதுதான். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவை. ஆயுள் என்றால் 14 வருடம் என்பது தவறு, ஆயுள் முழுக்கத்தான். புழல் சிறையில் ரிமாண்டில் (விசாரணைக் காவலில்) இருந்த நாட்கள் சிறைத்தண்டனையில் கழியும். தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் அந்த நாட்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.