ஃபேன் சுற்றவில்லை என்றதும் மோட்டாரை மாற்றாதீர்கள்

போன மே மாதம் ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் வருவதற்குள் என் பழைய பெட்ரோல் காரில் முதலில் ஏசி குளிர் போனது, பிறகு டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டர் ஃபேன் அசையாமல் நிற்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த உடனேயே "மோட்டார் போச்சு சார்" என்றார்கள், நானும் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது மோட்டார் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டே நாள்தான், மூன்றாம் நாள் அதே நெரிசல், அதே கொதிப்பு.

கடைசியில் எங்கள் தெருமுனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் ஃபேனைத் தொடக்கூட இல்லை. ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்து, ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச் பெட்டியான ரிலேயைப் பிடுங்கி, அது உட்கார்ந்திருந்த நாலு ஓட்டைகளில் டார்ச் அடித்துக் காட்டினார். மூன்று ஓட்டை கறுப்பு பிளாஸ்டிக், நாலாவது மட்டும் கருகிய அப்பளம் மாதிரி பழுப்பேறி விளிம்பு உருகியிருந்தது. உள்ளே இருந்த பின் தளர்ந்து, ரிலேயின் காலைச் சரியாகப் பிடிக்காமல் கிடந்தது. அவ்வளவுதான் பிரச்சினை.

அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாக நாலைந்து வண்டிகளில் இதே வேலையைப் பார்த்துவிட்டேன். எல்லாரும் சறுக்குவது கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான்.

முதலில், ஃபேன் வேலை செய்யாததுதான் கோளாறா என்று உறுதி செய்யாமல் ஒயரைக் கிளறுவது. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் முள் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல். நல்ல வேகத்தில் எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும், ஃபேனுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. ஆகவே பைபாஸில் எண்பதில் போகும்போது சூடேறுகிறது என்றால் அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) என்று வேறு பக்கம் தேடுங்கள். இன்னொன்று, கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், குறைந்து வெப்பம் அளக்கும் சென்சார் இருக்கும் இடத்தில் காற்று அடைத்துக்கொண்டால் எஞ்சின் கொதித்தாலும் சென்சாருக்குச் சூடு சரியாகத் தெரியாது, ஃபேனும் வராது. அப்போது மின்சாரத்தில் ஒரு குறையும் இருக்காது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் பார்க்கும்போது சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். அந்த மூடி உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, திறந்த நொடியில் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

சரி, ஃபேன்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது மின்சாரம் போகும் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதை இருக்கிறது. பெரிய பாதை: பேட்டரி, 30 அல்லது 40 ஆம்பியர் ஃப்யூஸ், ரிலேயின் 30ஆம் பின், உள்ளே காண்டாக்ட், 87ஆம் பின், அங்கிருந்து மோட்டார், பிறகு பாடி எர்த், அதாவது வண்டியின் உடம்பு வழியாக பேட்டரி மைனஸ். சின்னப் பாதை: ரிலேக்குள் அந்தக் காண்டாக்ட்டை இழுத்துச் சேர்க்கும் காயில் (கம்பிச்சுருள்), அதாவது 85, 86 பின்கள். பழைய வண்டிகளில் இந்தக் காயிலை ரேடியேட்டரில் திருகியிருக்கும் தெர்மோ ஸ்விட்ச் இயக்கும், பிந்தைய வண்டிகளில் ஈசியு என்ற எஞ்சின் கம்ப்யூட்டர். ஃபேன் வரவில்லை என்றால் பாதையில் எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் நின்றுபோகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, கடைசி ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் மோட்டாரை மாற்றுவதுதான் நான் பணம் கொடுத்துக் கற்ற தவறு. மோட்டார் நல்லதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்: மோட்டாருக்கு ஒயர் மாட்டும் பிளக்கான கப்ளரைக் கழற்றி, நடுவில் 30 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த தடித்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், அதையும் கவனியுங்கள். சுற்றாவிட்டால் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் மோட்டார் முதுகில் லேசாகத் தட்டுங்கள், தட்டியதும் கிளம்பினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மோட்டாரை மாற்ற அப்போது காரணம் இருக்கிறது.

ஆனால் புது வண்டி வைத்திருப்பவர்கள் இந்த நேரடி வேலையை யோசிக்காமல் செய்யக் கூடாது. ஃபேன் கப்ளரில் இரண்டு தடித்த ஒயரோடு மெல்லிய ஒயரும் இருந்தால் உள்ளே கன்ட்ரோல் மாட்யூல் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மெல்லிய ஒயர் சிக்னலுக்கு. அதில் 12 வோல்ட்டைக் காட்டினால் மாட்யூல் அன்றோடு காலி.

அடுத்தது மல்டிமீட்டரை நம்பி ஏமாறுவது. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓரளவு விஷயம் தெரிந்தவர்கள்தான் இதில் விழுகிறார்கள். கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12.4 என்று அழகாகக் காட்டும், உடனே "சப்ளை வருது, மோட்டார்தான்" என்று முடிவு கட்டிவிடுவோம். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமே இல்லாத அளவு, ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட்தான் காட்டும். ஃபேன் இழுப்பதோ 10, 15 ஆம்பியர். என் ரிலே சாக்கெட்டில் இருந்த மாதிரி ஒரு தளர்ந்த பின்னில் வெறும் 0.2 ஓம் தடை இருந்தாலும், 15 ஆம்பியர் போகும்போது 3 வோல்ட் அங்கேயே தொலையும். அதாவது அந்தச் சின்ன இடத்தில் 45 வாட் சூடு, ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னைவிட அதிகம். பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

அதனால் சுமை கொடுத்துப் பாருங்கள். என்னிடம் ஒரு பழைய 60/55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டு ஒயரோடு கிடக்கிறது, அதை ஃபேன் கப்ளரில் மாட்டுவேன். பளிச்சென்று எரிந்தால் வழி ஓரளவு சுத்தம், மங்கினால் வழியில் ஏதோ தின்கிறது. ஃபேன் எப்படியோ சுற்றுகிறது, ஆனால் மந்தமாக என்றால், சுற்றும்போதே மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பை மோட்டாரின் பிளஸ் காலிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் கோளாறு, ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்திக்கொண்டே வந்தால் இடம் தானாக மாட்டும். எர்த் பக்கமும் இதே மாதிரி பார்க்க வேண்டும். மழைத்தண்ணீர் தேங்கும் ஊர்களில் பாதிக் கோளாறு பச்சை பூத்த எர்த் போல்ட்டில்தான் இருக்கிறது, அதை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மின்னோட்டம் அளக்கிறேன் என்று மீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டையில் குத்தி ஃபேனோடு தொடராக இணைத்துவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் நல்லது.

ரிலேயைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உண்டு: "டிக்" சத்தம் கேட்டால் ரிலே நல்லது. சத்தம் காயில் வேலை செய்வதற்குத்தான் சாட்சி, உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தாலும் அது டிக் என்றுதான் சொல்லும். ஹார்ன் ரிலேயை எடுத்து மாற்றிப் பார்ப்பது நல்ல யோசனைதான், ஆனால் மேலே அச்சிட்டிருக்கும் எண்ணும் பின் வரைபடமும் ஒன்றாக இருக்க வேண்டும், கால்கள் பொருந்துகின்றன என்பது மட்டும் போதாது. சாவியை எடுத்த பிறகும் ஃபேன் நிற்காமல் ஓடி பேட்டரியைக் காலி செய்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அணைத்த பிறகு இரண்டொரு நிமிடம் ஓடி நிற்பது சில வண்டிகளில் வழக்கம்தான், அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள். கையை உள்ளே விடும்போதும் இது நினைவிருக்கட்டும், பேட்டரி கழற்றாத வரை ஃபேன் எப்போது வேண்டுமானாலும் கிளம்பும்.

சென்சாரில் ஒரு குழப்பம். பழைய தெர்மோ ஸ்விட்ச்சின் இரண்டு ஒயரையும் ஒன்று சேர்த்தால் ஃபேன் ஓடும். ஈசியு வண்டியின் கூலன்ட் சென்சாரில் அந்த வித்தை பலிக்காது. அங்கே சாவி ஆனில் கப்ளரைக் கழற்றிவிட்டால், பல வண்டிகளில் ஈசியு பயந்துபோய் பாதுகாப்புக்காக ஃபேனை ஓட விடும். அப்படி ஓடினால் ரிலே, மோட்டார், ஒயர் எல்லாம் பிழைத்தன, சந்தேகம் சென்சார் பக்கம். ஈசியுவில் பி 0118 என்று ஒரு கோளாறு கோட் பதிவாகும், ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். ஃபேன் ஏசி போட்டால் மட்டும் ஓடுகிறது என்றாலும் ஏறக்குறைய இதே கதைதான். இரண்டு வேக ஃபேனில் மெதுவான வேகம் மட்டும் வராமல் வேகமானது வந்தால், பெரும்பாலும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும்.

கடைசியாக, எனக்குக் கோபம் வரவைக்கும் இரண்டு. 30 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 50 போடுவது: மோட்டார் இறுகி அதிகம் இழுக்கிறது அல்லது ஒயர் எங்கோ உரசுகிறது என்பதைத்தான் ஃப்யூஸ் சொல்கிறது, அதன் வாயை அடைத்தால் அடுத்து எரிவது ஒயர்தான். இன்னொன்று "டைரக்ட் கொடுத்துடலாம் சார்". சாவி போட்டதும் ஃபேன் ஓடும், அன்றைக்கு நிம்மதி. சென்சாரும் ரிலேயும் கெட்டபடியே இருக்கும், மோட்டார் பிரஷ் நாள் முழுக்கத் தேயும், மெல்லிய ஒயரில் கொடுத்திருந்தால் ஸ்டியரிங் அடியில் உருகும். பிறகு அதே மோட்டாரும் போகும்போது, ஓடவில்லை என்பதைக் காட்ட முள்ளைத் தவிர எதுவும் இருக்காது. நடுவழியில் வீடு வந்து சேர ஒரு நாளைக்குச் செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சரி செய்த பிறகு, ஏசி போடாமல் ஐடிலிங்கில் விட்டு ஃபேன் குறைந்தது இரண்டு முறை தானாக வந்து நிற்கும் வரை பக்கத்திலேயே இருங்கள். பிறகு எஞ்சினை அணைத்து, ஃபேன் நின்றதும், ரிலேயையும் கப்ளரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் அங்கே இன்னும் வேலை இருக்கிறது. என் வண்டியில் அந்தச் சாக்கெட்டின் பின்னை மாற்ற ஆனது 250 ரூபாய். கழற்றிய பழைய மோட்டாரை ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கி வந்திருந்தேன், பேட்டரியில் வைத்துப் பார்த்தால் இன்னும் மாவு மெஷின் மாதிரி சுற்றுகிறது.