ஸ்கை தீவுக்கு கார்ல போறீங்களா?

ஸ்காட்லாந்துல ஸ்கை தீவுக்கு 1995லயே பாலம் வந்துடுச்சு, 2004ல டோலையும் எடுத்துட்டாங்க, ஆனா போறப்ப ஒரு வழி வர்றப்ப ஒரு வழின்னு வச்சுக்கிட்டா தான் மஜா, அதனால ஃபோர்ட் வில்லியம்லயே டேங்க் ஃபுல் பண்ணிட்டு மல்லைக் போய் ஃபெர்ரில காரோட ஏறி ஆர்மடேல்ல இறங்குங்க. சம்மர்னா முன்னாடியே புக் பண்ணிடுங்க, நடந்து ஏறுறவங்களுக்கு இடம் கிடைச்சுடும், காருக்குத் தான் திண்டாட்டம்.

அங்க நிறைய ரோடு ஒத்தை லேன் தான். எதிர்ல வண்டி வந்தா, பாஸிங் பிளேஸ் (வண்டி ஒதுங்கறதுக்குன்னு ரோட்டோரம் அகலமா விட்டிருக்கற இடம்) இடது பக்கம் இருந்தா அதுல ஒதுங்குங்க, வலது பக்கம் இருந்தா அதுக்கு நேரா நம்ம பக்கமே நில்லுங்க, அவங்க சுத்திப் போய்க்குவாங்க. போட்டோ எடுக்கறேன்னு அதுல பார்க் மட்டும் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்!

திரும்பறப்ப ஸ்கைல இருக்கற கைல்ரியால இருந்து எதிர்க்கரைல இருக்கற க்ளெனெல்குக்கு ஃபெர்ரி, கார் நிக்கற டெக்கையே ஆளுங்க கையால தள்ளித் திருப்புவாங்க. குளிர்காலத்துல ஓடாது.