ஒரே படத்தில் ஏழு பாய்ச்சல்: ஓரத்தில் மட்டும் இரட்டைக் கோடு

ஸ்கேட்போர்டில் பாயும் பையனைத் தொடர்ச்சியாக எடுத்து, ஏழு படங்களை ஒன்றாக அடுக்கினேன். கேமரா முக்காலியில்தான் இருந்தது. ஆனாலும் அவனைச் சுற்றி மாஸ்க் (வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் மறைப்பு) வெட்டிய இடங்களில் பின்னால் இருந்த செங்கல் வரிசை முறிந்து, இரட்டைக் கோடாகத் தெரிந்தது.

முக்காலி ஆடியிருக்கும் என்று லேயர்களை, அதாவது அடுக்கிய படங்களை, நகர்த்திப் பார்த்தேன். ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் விலகியது. மாஸ்க் விளிம்பை மென்மையாக்கினால் செங்கல் மங்கியது. மூன்று நாள் இப்படியே போயிற்று.

அப்புறம்தான் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் எல்லாம் கச்சிதம். மூலைக்குப் போகப்போக விலகல் கூடியது. படம் நகரவில்லை, அளவே மாறியிருக்கிறது! பையன் கேமராவை நோக்கி வந்ததால் தொடர் ஆட்டோஃபோகஸ் (நகரும் ஆளுக்கு ஏற்பத் தானே ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்கும் வசதி) அவனைத் துரத்தியிருக்கிறது. ஃபோகஸ் மாறும்போது பல லென்ஸ்களில் காட்சிக் கோணமும் (படத்தில் அடங்கும் காட்சியின் அகலம்) லேசாக மாறும்.

ஹூகின் மென்பொருளின் படம் பொருத்தும் கருவியில், காட்சிக் கோணத்தையும் சேர்த்துச் சரிசெய்யும் தெரிவைப் போட்டதும் செங்கல் செங்கல்லோடு சேர்ந்தது. அப்பாடா!

இப்போதெல்லாம் அவன் தாவும் இடத்தில் முன்பே ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுத்தான் எடுக்கிறேன். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் அதேபோல் மேனுவலில்தான் வைக்கிறேன்.